முப்பது நாள் முன்னறிவிப்பு

பத்மஜா இறந்துவிட்டாள் என்று அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சுதா போனில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பதுதான். எப்படி என்று கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சுதா, "தெரியலைங்க மேம். நான் பேங்க்குக்குக் கிளம்பறப்ப பால் பாக்கெட் கேட்டுலயே தொங்கிட்டு இருந்துச்சு. ஒன்பதரை இருக்கும். பெல் அடிச்சுப் பார்த்தோம், அப்புறம்தான் கதவை உடைச்சோம்" என்றாள். நான் விடவில்லை. "டாக்டர் வந்தாரா? அவர் எத்தனை மணின்னு சொன்னார்?" என்று மறுபடி கேட்டேன். "விடிஞ்சப்புறம்தான் இருக்கும்னு சொன்னாருங்க. ஹார்ட்டாம். நீங்க கிளம்பி வாங்க மேம்" என்றாள். தில்லை நகரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுப்பதற்காக வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். டோக்கனைப் பக்கத்து நாற்காலி அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

எதற்கு மணியைக் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய மாணவர் மலருக்காக என்னிடம் ஒரு பக்கம் கேட்டார்கள். "நல்ல நினைவுகளா எழுதுங்க மேம்" என்றார்கள். ஒரு பக்கத்தில் முடிகிற விஷயம் இல்லை இது. நல்ல நினைவுகள் மட்டும் போதும் என்பவர்கள் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. இரண்டு வரி அப்படி எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவது போலிருந்தது. அடித்துவிட்டேன்.

நானும் பத்மஜாவும் ஒரே வருடத்தில் கல்லூரியின் அரசியல் அறிவியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தோம். சர்வதேச உறவுகள் என்ற பாடத்தை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். போர்கள் என் பங்கு. கூட்டணிகள் அவள் பங்கு. எங்களுக்கு நீங்கள் வைத்திருந்த பட்டப் பெயர்கள் எனக்குத் தெரியும். நான் சண்டை மேம், அவள் சமாதான மேம். உண்மையில் எங்கள் இருவரில் எப்போதும் சண்டையை ஆரம்பிப்பவள் அவள். முடிக்கத் தெரியாதவள் நான்.

அவளுடைய முதல் வகுப்பை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரும்பலகையில் எதுவும் எழுத மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்வாள்: "கூட்டணி வைக்கிற நாட்டுக்கு ரெண்டே பயம்தான். ஒண்ணு, ஆபத்து வர்ற நேரத்துல இவன் நம்மள விட்டுட்டுப் போயிடுவானோன்னு. இன்னொண்ணு, தனக்கு ஆபத்துன்னு சொல்லி இவன் நம்மளையும் இழுத்துண்டு போயிடுவானோன்னு. உலக வரலாறு பூரா இந்த ரெண்டு பயத்துக்கு நடுவுல ஆடற ஊஞ்சல்தான்." பக்கத்து அறையில் நான் ஏதோ ஒரு போரின் காரணங்களை வரிசையாக எழுதிப் போட்டுக்கொண்டிருப்பேன். சுவரைத் தாண்டி அவள் குரல் கேட்கும். என் மாணவர்களும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மனிதர்களிலும் இரண்டு வகை உண்டு என்று ஒருநாள் மேசையில் என்னிடம் சொன்னாள். "நீ முதல் பயக்காரிடி ராணி. நான் ரெண்டாவது." நான் மணமாகாதவள். அப்பா அம்மா போனபின் தில்லை நகர் வீட்டில் தனியாக இருப்பவள். யாராவது 'வரேன்' என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் தாமதித்தால் வரமாட்டார்கள் என்றே முடிவு கட்டிவிடுவேன். அவளோ கூட்டுக் குடும்பத்தில் பிறந்து, கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, யார் யாருக்கோ இழுத்த இழுப்புக்கெல்லாம் போய் அலுத்தவள். கணவர் இறந்து, மகன் கேசவன் மெல்போர்னில் வேலைக்குப் போன பிறகு, ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதி வீட்டில் அவளும் தனிதான். ஆனால் அவளுக்கு அந்தத் தனிமை பிடித்திருந்தது. எனக்கு என்னுடையது பிடிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு நாங்கள் நடத்திய மாதிரி மாநாட்டைப் பற்றி எழுதாவிட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். உண்மையான நாடுகளின் பெயரை வைத்தால் பையன்கள் பத்திரிகையில் படித்ததை ஒப்பிப்பார்கள் என்று அவள் எல்லா நாடுகளுக்கும் நம்மூர்ப் பெயர்களை வைத்தாள். காந்தி மார்க்கெட் பேரரசு, சத்திரம் குடியரசு, உறையூர், பால்பண்ணை, துவாக்குடி, திருவானைக்காவல். பேரரசுக்கும் குடியரசுக்கும் ஆகாது. மற்ற நாடுகள் யாரோடு சேர்வது என்பதுதான் இரண்டு நாள் விளையாட்டு. ஒரு வருடம் திருவானைக்காவல் நாட்டுப் பெண்கள் நான்கு பேர் இரண்டு வல்லரசுகளோடும் தனித்தனியே இரகசிய ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். கடைசி மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டது. நான் பூஜ்யம் போட்டேன். பத்மஜா முழு மதிப்பெண் போட்டாள். துறையறையில் கத்திக்கொண்டோம்.

"ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தா அதுக்குப் பேரு மோசடி" என்றேன்.

"சின்ன நாடு பொய் சொல்றதில்லடி. நேரம் வாங்கறது" என்றாள்.

கடைசியில் இரண்டு மதிப்பெண்களையும் கூட்டிப் பாதியாக்கிக் கொடுத்தோம். அந்த நான்கு பெண்களில் ஒருத்தி இப்போது திருவெறும்பூரில் பள்ளித் தலைமையாசிரியை. துக்கத்துக்கு வந்திருந்தாள். 'எனக்கு இன்னும் பாதி மார்க் பாக்கி இருக்கு மேம்' என்று அழுதுகொண்டே சொன்னாள்.

மாநாட்டில் அவள் வைத்த கட்டாய விதி ஒன்று உண்டு. எந்த ஒப்பந்தமாக இருந்தாலும், எந்தெந்த நேரத்தில் உதவிக்கு வரமாட்டோம் என்பதையும் எழுத வேண்டும். "வருவோம்னு எழுதறது சுலபம். எப்போ வரமாட்டோம்னு முன்னாடியே சொல்றவன் வார்த்தையைத்தான் நம்பணும்" என்பாள். இதை வகுப்போடு நிறுத்திக்கொள்ளவும் மாட்டாள். எனக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "ஏகாதசி அன்னிக்கு மட்டும் வரமாட்டேன். மத்த எல்லா நாளும் வருவேன்" என்றாள். ஏகாதசி அன்று வரவில்லை. மற்ற எல்லா நாளும் வந்தாள். நன்றாக இருக்கும்போது 'எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க' என்று சொன்ன என் சொந்தக்காரர்களில் இரண்டு பேர்தான் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய பேச்சு ஒன்று கேட்டேன். ஸ்ரீரங்கத்தில் மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். உக்ரைன் போர் தொடங்கியிருந்த நேரம். ஒரு பக்கம் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம், இன்னொரு பக்கம் அமெரிக்காவோடும் ஜப்பானோடும் கடற்படைப் பயிற்சி செய்கிறோம், இது என்ன கொள்கை என்று பெரியவர் ஒருவர் எழுந்து, "இந்தியாவுக்கு உண்மையான சிநேகிதன் யாரும்மா?" என்று கேட்டார். பத்மஜா அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சிநேகிதன் யாருன்னு கேக்காதீங்கோ. எந்த விஷயத்துக்குச் சிநேகிதன்னு கேளுங்கோ. எல்லாத்துக்கும் ஒருத்தனையே நம்பினா, அவன் மனசு மாறற அன்னிக்கு நமக்கு எதுவுமே இருக்காது." அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் இருந்தது அவள் ஒருத்திதான்.

அன்று மாலை அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது இதை வேறு மாதிரி சொன்னேன். என் பக்கத்து வீதியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இறந்து மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றேன். "அது போல எனக்கு ஆயிடுமோன்னு பயமா இருக்கு பத்மா" என்றேன். இப்படி நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கோடு போட்ட இரண்டு தாளை எடுத்துவந்தாள். "எழுது. ஒப்பந்தம்" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தோம். எங்களைப் போன்ற இருவருக்கு அது விளையாட்டாக நிற்குமா? ஒன்றரை மணி நேரம் வாதாடி ஐந்து பிரிவுகள் எழுதினோம். ஒன்று: தினமும் காலை ஏழு மணிக்கு ராணி ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், பத்மஜா ஒரு மிஸ்டு கால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு: எட்டு மணிக்குள் ஒரு தரப்பிலிருந்து அழைப்பு வராவிட்டால், மற்றவர் யாரிடமும் விசாரித்துக்கொண்டிருக்காமல் நேரில் புறப்பட வேண்டும். மூன்று: வரமுடியாத நாட்கள். சித்திரைத் தேரன்று வீதியிலிருந்து வெளியே வர முடியாது என்று அவள் எழுதினாள். கூடவே வைகுண்ட ஏகாதசி. கேசவன் வந்திருக்கும் நாட்களில் வரமாட்டேன் என்று நான் எழுதினேன்.

"ஏண்டி?"

"அப்ப நான் எதுக்கு உனக்கு?"

பேனாவை என்னிடம் நீட்டினாள். "சரி, எழுதிக்கோ" என்றாள்.

நான்காவது பிரிவு என் பிடிவாதம். யாராவது ஊரைவிட்டுக் குடிபோக நினைத்தால், வேறு எவரிடமும் பேசுவதற்கு முன் மற்றவரிடம் சொல்ல வேண்டும். ஐந்தாவது அவள் பிடிவாதம். யார் விலக விரும்பினாலும் காரணம் காட்டி எழுத்தில் முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விலகலாம். "விலகறதுக்கு எதுக்கு ஒரு பிரிவு? நாம என்ன நாடா?" என்று சண்டை போட்டேன். "வெளியில போக வழி இல்லாத ஒப்பந்தத்துல யாரும் மனசார இருக்க மாட்டா" என்றாள். ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டோம். சுதாவைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்துக்கூட வாங்கினோம். அவள் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போனாள்.

அந்த ஒப்பந்தம் ஒரு முறை வேலை செய்தது. கடும் ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நான் தூங்கிப்போயிருந்தேன். கதவை யாரோ உடைப்பது போலத் தட்டுகிற சத்தம். திறந்தால் பத்மஜா, ஆட்டோக்காரர், கையில் சுத்தியலோடு பூட்டுத் திறக்கிற ஆள் ஒருவர். மணி எட்டு முப்பத்தைந்து. காவிரிப் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பாளாம். அவள் திட்டவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. பூட்டுக்காரரை அனுப்பிவிட்டு, எனக்கு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் 'முதல் செயல்பாடு, வெற்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். அன்று பகல் முழுவதும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கெல்லாம் என்னைத் தேடிச் சுத்தியலோடு வர உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று இருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

சென்ற வருடக் கடைசியில் உலகம் தலைகீழாகிக்கொண்டிருந்தது. வல்லரசு ஒன்று தன் பழைய கூட்டாளிகளைப் பார்த்து, இனி உங்கள் காவலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற தொனியில் பேச ஆரம்பித்திருந்தது. அதை நம்பி எழுபது எண்பது வருடம் நிம்மதியாகத் தூங்கிய நாடுகள் அலறிக்கொண்டு புதிய துணை தேடின. தினமும் மாலையில் போனில் இதைப் பற்றித்தான் பேச்சு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "சொல்லிட்டு விலகினா துரோகம் இல்லையா?" என்பேன். "சொல்லிட்டு விலகறான் பாரு, அதுவே பெரிசு" என்பாள் அவள். நான் நாடுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காய்கறிக் கடையில் எங்கள் பழைய சக ஆசிரியை ஒருவரைப் பார்த்தேன். "பத்மஜா பாஸ்போர்ட் புதுப்பிச்சிருக்காங்களாமே, பையன்கிட்டயே போயிடறாங்களா?" என்று கேட்டார். என் கையில் இருந்த வெண்டைக்காயைத் தட்டிலேயே போட்டுவிட்டேன். "எனக்குத் தெரியாதே" என்று சொல்ல அவமானமாக இருந்தது. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலையில் அவளோடு வழக்கம்போலப் பேசினேன். அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஒரு வாரம் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் எனக்குள் ஒரு படை கூடிக்கொண்டிருந்தது.

ஒரு நாடு பயத்தில் செய்கிற காரியம் அடுத்த நாட்டுக்கு மிரட்டலாகத் தெரியும். நண்பன் விலகப்போகிறான் என்று சந்தேகப்பட்டு முந்திக்கொண்டு விலகுகிறவன்தான் அந்த நண்பனை எதிரிப் பக்கம் தள்ளிவிடுகிறான். இருபத்தெட்டு வருடம் இதைப் பாடம் நடத்தியவள் நான். உங்களில் ஆயிரம் பேராவது என் கேள்வித்தாளில் இதற்கு விடை எழுதியிருப்பீர்கள். எட்டாம் நாள் நான் உட்கார்ந்து, 'நான்காம் பிரிவை மீறி மூன்றாம் தரப்போடு பேச்சுவார்த்தை நடப்பதாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்திருப்பதால், ஐந்தாம் பிரிவின்படி இவ்வொப்பந்தத்திலிருந்து விலகுகிறேன்' என்று முத்துமுத்தாக எழுதினேன். ஒப்புகை அட்டை இணைத்து, தில்லை நகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். அட்டை அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு குறுஞ்செய்தி: 'கிடைத்தது. முப்பது நாள் இன்றிலிருந்து.' அவ்வளவுதான். மாலைப் பேச்சு நின்றது.

முன்னறிவிப்புக் காலத்தில் ஒப்பந்தம் அமலில் இருக்கும் என்பது இருவருக்கும் தெரிந்த விதி. ஆகவே ஏழு மணிக்கு நான் மிஸ்டு கால் கொடுத்தேன். அவள் திருப்பிக் கொடுத்தாள். பேச்சு கிடையாது. தினம் காலையில் அவளிடமிருந்து ஒரே ஒரு மணிச் சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். கோபமாகத்தான் இருந்தேன், ஆனாலும் ஆறே முக்காலிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, அவள் அழைப்பு ஒரு முறை அடித்து நிற்கவில்லை. தொடர்ந்து அடித்தது. எடுத்தால் பேச வேண்டும். அவள்தான் முதலில் இறங்கி வருகிறாள் என்று எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. நாளைக்கும் அடிக்கட்டும், எடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பழையபடி ஒரு மணியோடு நின்றுவிட்டது.

முப்பத்தோராம் நாள் காலையில் ஏழு மணிக்குக் கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன். நானும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. ஏழேகால் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். அதற்கு முன்பெல்லாம் அவள் பக்கம் சத்தம் இல்லையென்றால் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். இப்போது சத்தம் இல்லையென்றால் எதுவும் அர்த்தமில்லை. அப்படி ஆக்கியவள் நான். அதிலிருந்து ஆறாவது நாள் காலையில் அவள் அடுக்களை வாசலில் விழுந்து கிடந்தாள். அதே நேரத்தில் நான் ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் இருந்திருந்தால் எட்டரைக்கு அவள் வாசலில் நின்றிருப்பேன். நின்றிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்றும் அவர் சொல்லவில்லை.

கேசவன் வந்து எல்லாக் காரியங்களையும் முறையாகச் செய்தான். பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, என்னைக் கூடத்தில் உட்காரச் சொன்னான். அவன் சிறு வயதிலிருந்தே என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். நான் அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வாரமாக அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"கேசவா, அம்மா உன்கிட்ட வந்துடறதா இருந்தாங்களா?"

"ரெண்டு வருஷமா கூப்டுண்டு இருந்தேன் ஆன்ட்டி. ராணிகிட்ட பேசிட்டுச் சொல்றேன், ராணிகிட்ட பேசிட்டுச் சொல்றேன்னே தள்ளிண்டு இருந்தா. அவளைத் தனியா விட்டுட்டு எப்படிடா வரதுன்னு ஒருநாள் என்கிட்ட கோச்சுண்டாகூட. பாஸ்போர்ட் தேதி முடிஞ்சு போச்சே, அதையாவது புதுப்பிச்சு வைம்மான்னு நான்தான் சொன்னேன். அப்புறம் ஒருநாள் அவளே போன் பண்ணி, சரிடா, வரேன், டிக்கெட் போடுன்னா. எனக்கே ஆச்சரியமா இருந்தது."

"என்னிக்கு?"

அவன் போனை எடுத்துப் பார்த்துத் தேதியைச் சொன்னான். அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். ஒப்புகை அட்டையில் அவள் கையெழுத்துப் போட்டிருந்த நாளுக்கு மறுநாள்.

அழுதேன் என்று எழுதினால் பொய். அழக்கூட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் என்னை விட்டுப் போகிறாள் என்று நான் பயந்த நாட்களில் அவள் எனக்காக மகனிடம் நேரம் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பயப்படாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் எத்தனை வருடம் வாங்கியிருப்பாளோ தெரியாது. கேசவன் நான் களைத்துப்போயிருக்கிறேன் என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தான்.

பிறகு அவன் உள்ளேயிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தான். "அம்மா அலமாரியில காலேஜ் பேப்பரெல்லாம் இருக்கு ஆன்ட்டி. எது வேணுமோ எடுத்துக்கோங்கோ. இது மேலேயே இருந்தது. யாரோ ஸ்டூடண்ட் எழுதினதைத் திருத்தியிருக்கா போலிருக்கு" என்று ஒரு தாளை நீட்டினான். என் முன்னறிவிப்பு அது. ஓரத்தில் சிவப்பு மையில் கோடு கிழித்திருந்தாள். 'நம்பத்தகுந்த தகவல்' என்ற சொற்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். கீழே, அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், 'மொழிநடை நன்று. ஆதாரம் இல்லை. என்னைக் கேட்டிருக்கலாம்' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே மதிப்பெண். பத்துக்கு மூன்று.

"ஸ்டூடண்ட் இல்லப்பா. நான் எழுதினது" என்றேன். அவன் புரியாமல் பார்த்தான்.

அவளிடம் படித்த நீங்கள் ஒவ்வொருவரும் அவளிடமிருந்து ஒன்றை வைத்திருப்பீர்கள். ஒரு வாக்கியம், ஒரு சிரிப்பு, ஒரு பாதி மதிப்பெண். என்னிடம் இந்தத் தாள் இருக்கிறது. மேசை மேல்தான் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துப் பார்க்கிறேன். அவள் எழுதிய மூன்று வாக்கியங்களோடும் எனக்குச் சண்டை இல்லை, மூன்றும் சரி. அந்த மூன்று மதிப்பெண்தான் புரியவில்லை. ஆதாரமே இல்லாத விடைக்கு அவள் இருபத்தெட்டு வருடத்தில் யாருக்கும் பூஜ்யத்துக்கு மேல் போட்டதில்லை. எனக்கு எதற்காக மூன்று போட்டாள் என்று அவளைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்க வேண்டும் என்று இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது.